சாவடிக்கு உள்ளே, எல்லைக்கு வெளியே

பிள்ளைகளே, நகரம், புறநகர், கிராமம் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் மூன்று படம் போட்டிருக்கும். நகரத்தில் மாடி வீடு. கிராமத்தில் பசுமாடு. நடுப்படத்தில் நாலு ஓட்டு வீடும் ஒரு சைக்கிளும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இந்த மூன்றையும் ஒரே நாளில் என் பிள்ளைகளுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலம் அது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூட்டைகளுக்குக் குறி போடுவது என் வேலை. தகரத்தில் எழுத்து வெட்டியிருக்கும். அதை மூட்டைமேல் வைத்து மசியைத் தடவ வேண்டும், அவ்வளவுதான். கப்பல் வரத்து குறைந்துபோனதால் வாரத்தில் பாதி நாள் கை சும்மா இருந்தது. மகளுக்கு எட்டு வயது. மகனுக்கு ஐந்து.

மகளுடைய வாத்தியார் கொஞ்சம் வேறு மாதிரியான ஆள். புத்தகத்தில் உள்ளதை ஒப்பித்தால் அவருக்குப் பிடிக்காது. "கிராமம் நமக்கு என்ன தருது?" என்று கேட்டிருக்கிறார். இவள் எழுந்து, "அரிசி தருது சார்" என்றிருக்கிறாள்.

"கண்ணால பாத்தியா?"

"பாக்கல சார்."

"பாக்காததைப் பாத்த மாதிரி சொல்லுதியே, நீ என்ன கோர்ட்டுல ஏறுன பொய்ச்சாட்சியா?"

உள்ளங்கையில் மூன்று அடி. வகுப்பு முழுதும் சிரித்தது. அன்றைக்கே அவளுக்குப் பொய்ச்சாட்சி என்று பேர் வந்துவிட்டது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட, "ஏளா பொய்ச்சாட்சி, குடம் நெறஞ்சிட்டா? கண்ணால பாத்துச் சொல்லு!" என்று கூட்டம் கூடிக் கேட்டது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அவள் இரண்டு நாள் அடம் பிடித்தாள். மூன்றாம் நாள் நான் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை மூணு ஊரையும் உனக்குக் காட்டுதேன். பாத்துட்டுப் போயி அந்த வாத்தியாருட்ட சொல்லு."

படிக்காத தகப்பன் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினால் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் அன்றைக்கு வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டேன்.

முதலில் நகரம். விடிந்ததும் கடற்கரை ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். தூரத்தில் நங்கூரம் போட்டு நின்ற ஒற்றைக் கப்பல், அதற்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள், சங்குக் கிட்டங்கியிலிருந்து வருகிற அழுகல் நாற்றம். மகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். ரேஷன் கடை அன்று திறக்காது. அப்படியும் மறுநாளைக்கு இடம் பிடிக்க, கல்லையும் கிழிந்த பையையும் வரிசையாக வைத்திருந்தார்கள். நான் மகளிடம், "டவுன் எல்லைக்குள்ள குடியிருந்தா கார்டு உண்டு. கார்டு இருந்தா அரிசி உண்டு. அதுல பாதி கல்லும் புழுவுமா இருந்தாலும் உண்டு" என்றேன். அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: "டவுனு கார்டு தரும்."

அப்புறம் கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத நாட்கள். பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய அடுப்பு இருக்கும். கிளீனர் கரியைக் கொட்டித் துருத்தியைச் சுற்றினால்தான் வண்டி நகரும். அது பெருமூச்சு விட்டுக்கொண்டு தெற்கே போயிற்று. டவுன் எல்லைக்கல்லைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளைக் குவியல்கள். அளத்து வேலைக்காரர்களின் ஓலைக்குடிசைகள் ஒரு வேப்பமரத்தை ஒட்டி வரிசையாக நின்றன. அதற்கும் அப்பால், ஒரு மைல் தள்ளி, ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில் கட்டிய சோதனைச் சாவடி. கிராமத்து அரிசி டவுனுக்குள் கள்ளத்தனமாக வந்துவிடக் கூடாது என்று போட்டது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், பிள்ளைகளே. அந்தக் குடிசைகள் டவுன் எல்லைக்கு வெளியே இருந்தன. அதனால் அவர்களுக்குக் கார்டு கிடையாது. ஆனால் சாவடிக்கு உள்ளே இருந்தன. அதனால் கிராமத்து அரிசியும் அவர்களிடம் வரக் கூடாது. நடுப்படத்தில் போட்டிருக்கிற இடம் அதுதான். எங்கள் பக்கத்தில் அதில் சைக்கிள் இல்லை.

"அப்பா, இங்கன உள்ளவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று மகள் கேட்டாள்.

"கம்பு, கேப்பை. கெடைச்சத."

"இவங்க என்ன தருவாங்க?"

"உப்பு."

"அளம் உப்பு தரும்" என்று அவள் முடித்துக்கொண்டாள்.

ஆத்தூரில் இறங்கினோம். வாழைத் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், வாய்க்காலில் நிறையத் தண்ணீர். உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த என் மகன் வாய்க்காலைப் பார்த்து, "இவ்வளவு தண்ணிக்கும் யாருப்பா காவல்?" என்று கேட்டான். களத்து மேட்டில் நெல் கிடந்தது. மகள் அதை அள்ளிப் பார்த்தாள்.

"அரிசி எங்க?"

"இதுக்குள்ளதான்."

"பாக்க முடியலியே."

களத்துக்காரர் ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கேட்டேன். "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார். சொன்னேன். செம்பை எங்கள் கையில் தரவில்லை. பிள்ளைகளைக் குனியச் சொல்லி, கைக்குழியில் மேலிருந்து ஊற்றினார். மகனுக்குத் தண்ணீர் மூக்கில் ஏறி இருமல் வந்தது. "அரிசி பாக்கணும்" என்று மகள் அவரிடமும் கேட்டுவிட்டாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேவு பாக்கவா பிள்ளையக் கூட்டிட்டு வந்திய? அரிசியெல்லாம் சர்க்கார் லெவி போட்டு அள்ளிட்டுப் போயிட்டான். நடையக் கட்டுங்க" என்றார்.

ஆக, கிராமத்துக்குப் போயும் என் மகள் அரிசியைப் பார்க்கவில்லை. திரும்புகிற பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஸ் பாதி வழியில் நின்றது. அடுப்பு அணைந்துவிட்டது. கிளீனர் துருத்தியைச் சுற்ற, நாங்கள் இறங்கி ஓர் உடைமரத்து நிழலில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் ஓர் அம்மாள் வெற்றிலைக் கூடையோடு இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் வெற்றிலை வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அவள் தெளிப்பதற்கு முன் கையை விட்டு அடியில் ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

என் மகன் பசி என்று சிணுங்க ஆரம்பித்தான். கொண்டுபோயிருந்த அவித்த கிழங்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேலே இருந்த வாழைச்சருகை விலக்கி, இரண்டு கவுளிக் கட்டு வெற்றிலையைத் தூக்கி, கீழே இருந்த துணி மூட்டையின் வாயை நெகிழ்த்தி, ஒரு கை அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள். புத்தரிசி. "மெல்லுலே, பால் மாதிரி இருக்கும்" என்றாள்.

"அரிசி!" என்று மகள் குதித்தாள். "அப்பா, கிராமத்து அரிசி! கண்ணால பாத்தாச்சு!"

"ஏளா, மெல்லப் பேசு. கண்டக்டருக்குக் காது நாலு" என்று அவள் சிரித்தாள். பிறகு என்னிடம், "ஆறு படி இருக்கு தம்பி. எம்மவ அளத்துக் குடிசையில இருக்கா. பிள்ளை பெத்து எட்டு நாளாச்சு. மருமவன் பட்டாளத்துக்குப் போயிட்டான். கம்பங்கூழக் குடிச்சிட்டுப் பால் ஊறலைன்னு அழுதா. பிள்ளை வெறும் மாரைச் சப்பிச் சப்பி, அழக்கூடத் தெம்பில்லாமக் கெடக்கு. நாலு நாளு சோறு திங்கட்டும்னுதான்…" என்றாள்.

"சாவடியில என்ன செய்வீங்க அக்கா?"

"ஏட்டையா ஒரு கவுளி எடுத்துக்கிடுவாரு, போன்னுருவாரு. அடியில கைவிட்டா வெத்தலை கசங்கிப்போகும்னு அவருக்கும் தெரியும். அது பாட்டுக்கு நடக்கு. நீங்க மட்டும் பிள்ளையளுட்டச் சொல்லி வைங்க தம்பி. கூடையப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு."

"சொல்லி வைக்கேன் அக்கா" என்றேன்.

சொல்லவில்லை.

மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. பஸ் மறுபடியும் கிளம்பி சாவடிக்கு வருகிற அரைமணி நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்ததைச் சொல் என்று வாத்தியார் கையில் அடித்திருக்கிறார். பார்த்ததைச் சொல்லாதே என்று தகப்பன் சொன்னால் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்? பொய்ச்சாட்சி என்று பேர் வாங்கியவளுக்கு நானே பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதா என்று இருந்தது. சாவடியில் சின்னப்பிள்ளையிடம் யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்றும் ஒரு சமாதானம். வெளுத்த வேட்டி கட்டியவன் அல்லவா நான்.

சாவடியில் எல்லாரும் மூட்டை முடிச்சோடு இறங்கி வரிசையாக நடந்து போக வேண்டும். பஸ் காலியாகத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நிற்கும். ஏட்டு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓர் ஆள் உதவி. எங்களுக்கு முன்னால் அந்த அம்மாள். ஏட்டு ஒரு கவுளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "போ, போ" என்றார். அவள் கூடையைத் தலையில் தூக்கி இரண்டடி வைத்துவிட்டாள். இரண்டே அடி.

"என்னளா வாய்க்குள்ள மொனங்குத? சாமிப் பாட்டா?" என்று ஏட்டு என் மகளைக் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

"பாடம்" என்றாள்.

"எங்க, சொல்லு கேப்போம்."

அவள் பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டாள். "டவுனு கார்டு தரும். அளம் உப்பு தரும். கிராமம் அரிசி தரும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏட்டும் சிரித்தார். "கிராமம் அரிசி தருதா? எனக்கே தரமாட்டேங்கான். யாருட்ட அளக்க நீ? பொய்யி!"

"பொய் இல்ல. கண்ணால பாத்தேன்."

"பொய்யின்னா பொய்யிதான்."

நான் அவள் தோளைப் பிடிக்கக் கை நீட்டினேன். நீட்டியது நினைவிருக்கிறது. அதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "பொய் இல்ல! இந்தா, இந்த அத்தை கூடைக்குள்ளதான் இருக்கு. வெத்தலைக்கு அடியில. தம்பிக்குக்கூட குடுத்தாங்க. ஏலே, வாயத் தொறந்து காட்டுலே!"

என் மகன் வாயைத் திறந்து காட்டினான். நாக்கில் மாவாக ஒட்டியிருந்தது.

ஏட்டின் ஆள் கூடையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். வெற்றிலை எல்லாம் புழுதியில் கொட்டிற்று. துணி மூட்டையை அவிழ்த்தான். தண்ணீர் இறங்கி அரிசி ஓர் ஓரத்தில் ஊறிப்போயிருந்தது. அந்த அம்மாள் ஏட்டின் காலில் விழுந்தாள். "ஏட்டையா, பிள்ளை பெத்தவளுக்கு ஏட்டையா. எட்டு நாளுதான் ஆகுது."

"எல்லா வீட்டுலயும் ஒருத்தி பெத்துட்டுத்தான் கெடக்கா. அதுக்காக வெத்தலைக்கு அடியில எம்மூஞ்சியில கரியப் பூசுதியோ? தெனம் ஒரு கவுளி வாங்கிட்டு விட்டேன்லா, அந்தத் திமிரு."

வரிசையில் ஒரு பெரியவர், "வெத்தலை வியாபாரமா, அரிசி வியாபாரமா? இவளுகளாலதான் ஊருல பஞ்சமே" என்று உரக்கச் சொன்னார். அவருடைய இடுப்பு மடிப்பு எதனால் அவ்வளவு பருத்திருந்தது என்று பஸ்ஸில் வந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. சிதறிக் கிடந்த வெற்றிலையில் மிதிபடாததாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வதில் இரண்டு மூன்று பேர் மும்முரமாக இருந்தார்கள்.

அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். "சொல்லி வைக்கேன்னியளே தம்பி" என்றாள். ஏச்சு இல்லை. கேள்விபோலத்தான் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

ஏட்டு என் மகளைக் கிட்டக் கூப்பிட்டார். "துப்புச் சொன்னவங்களுக்குப் பங்கு உண்டு. அது சாவடி வழக்கம். பாவாடையப் பிடி." தகரப்படியால் இரண்டு படி அளந்து அவள் பாவாடையில் கொட்டினார். "உள்ளதச் சொன்ன வாயிக்குச் சோறு" என்றார். வரிசையில் கை தட்டினார்கள். என் மகள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு, கை தட்டுகிறார்களே என்று, கொஞ்சம் சிரித்தாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாவடியில் ஏட்டிடம் வேண்டாம் என்று சொன்னால் நீயும் கூட்டா என்று கேட்பான் என்ற பயம் ஒன்று. இரண்டு படி புத்தரிசி என்பது இன்னொன்று. எது பெரியது என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

அந்த அம்மாளை மூங்கில் ஓரமாக உட்காரவைத்தார்கள். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார்களாம். நாங்கள் தாண்டும்போது அவள் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். "வேப்பமரத்துலேருந்து மூணாவது குடிசை. அந்த ரெண்டு படியையாவது எம்மவட்டக் குடுத்துருங்க தம்பி. நான் உங்கள வைய மாட்டேன். உங்க பிள்ளையையும் வைய மாட்டேன். குடுத்துருங்க."

"குடுத்துருதேன் அக்கா" என்றேன்.

ஏட்டு பின்னாலிருந்து, "வாங்குனது பிள்ளை. குடுக்கதும் முழுங்குததும் அவ பாடு!" என்று சொல்லிச் சிரித்தார்.

பஸ்ஸில் ஏறாமல் நடந்தோம். அரிசியை என் துண்டில் கட்டிக்கொண்டேன். அரை மைல் போனதும், சாவடி கண்ணுக்கு மறைந்த இடத்தில், ஓர் உப்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தேன். கண் மதிப்பாகப் பாதியாகப் பிரித்தேன். ஒரு பாதியை என் சட்டையைக் கழற்றி அதில் கட்டினேன். வீட்டில் மூன்று நாளாகக் கோதுமைக் கஞ்சி. என் வீட்டுக்காரிக்கு அது வயிற்றில் தங்குவதில்லை. காரணம் சொல்ல எனக்கு எப்போதும் தெரியும்.

மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். "எல்லாத்தையும் குடுக்கணும்னு அந்த அத்தை சொன்னாங்களேப்பா."

அவள் முதுகில் ஓர் அறை வைத்தேன். அதுவரை நான் அவளை அடித்ததே இல்லை. "நீ வாயத் தொறந்ததுனாலதான் இவ்வளவும்! இனிமே அங்கன வந்து ஒரு வார்த்தை பேசுன, கொன்னு உப்புக்குள்ள பொதைச்சிருவேன்" என்றேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் அழவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

மூன்றாவது குடிசையில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இராது. மடியில் குழந்தை. அது அழுகிறதா, மூச்சு விடுகிறதா என்று கிட்டப் போய்க் குனிந்தால்தான் தெரியும்.

"உங்க அம்மை குடுத்துவிட்டாங்க" என்று துண்டை நீட்டினேன்.

அவள் அவிழ்த்துப் பார்த்தாள். அரிசியை முகர்ந்து பார்த்தாள். "நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி. சாவடியில பிடுங்காம எப்படிக் கொண்டாந்திய? அம்மை எங்க?"

"வெத்தலை விக்கல. வித்துட்டு நாளைக்கு வாரேன்னாங்க."

"நாளைக்கா? இன்னைக்கி ராத்திரி தொணைக்கு இருக்கேன்னாளே." அவள் முகம் சுருங்கிற்று. "ஒரு படிதான் குடுத்தாளா? ஆறு படி கொண்டாரேன்னா. அவகிட்டயே இல்ல போல, பாவம்."

நான் வாசலைப் பார்த்துத் திரும்பினேன். சட்டையில் கட்டிய மூட்டையை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டேன். அப்போது அவள் என் மகளைப் பார்த்து, "பாப்பா, நீயும் பாத்தியா எங்கம்மைய? நல்லா இருந்தாளா? வெயில்ல மயக்கம் கியக்கம் வந்து எங்கயும் விழுந்துட்டாளா? அண்ணாச்சி எங்கிட்ட மறைக்காரா?" என்று கேட்டாள்.

என் மகள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, "நான் பாக்கல" என்றாள். கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இல்லை.

"சரி பாப்பா" என்றாள் அந்தப் பெண். பிறகு என்னிடம், "அம்மை வந்ததும் சொல்லுதேன் அண்ணாச்சி. ஒருநா உங்களுக்கு வெத்தலை கொண்டாந்து தரச் சொல்லுதேன். டவுன்ல வீடு எங்கன?"

எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிற ஒரு தெருவின் பேரைச் சொன்னேன். அவள் மறக்காமல் இருக்க அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என் மகள் அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.